எவரும் எதற்கும்

ஜனவரி 9, திங்கள்

நாவொலி மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. ஒரு வருடமாகச் சத்தமே இல்லை. இப்போது பொங்கல் நெருக்கத்தில், பின்லாந்தில் உட்கார்ந்துகொண்டு வெளியிட்டிருக்கிறார் ஐயன்பெருமாள். பிப்ரவரி 12-க்குள் நான் அதைப் பொதி கட்டி லினக்ஸ் தொகுப்புக்குள் அனுப்பியாக வேண்டும். அதற்குப் பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள். அடுத்த வாய்ப்பு இரண்டு வருடம் கழித்துத்தான்.

கல்லூரி லேபில் ஆறு மவுஸைக் காணோம். தேடியதில் நான்கு கிடைத்தன.

மதியம் சாப்பிடும்போது வணிகவியல் ரோஸ்லின் கேட்டாள். "சம்பளமும் கிடையாது, அப்படி என்னதான் மேகலா பண்ற?" சொன்னேன். யாரோ ஒருவர் ஒரு நிரலை எழுதி இலவசமாக வெளியே வைக்கிறார். அது லினக்ஸ் வைத்திருக்கிற எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் ஒரே கட்டளையில் வந்து உட்கார வேண்டுமென்றால், யாராவது அதைப் பிரித்துச் சோதித்து, குறை இருந்தால் ஒட்டுப் போட்டு, யாருடையது, என்ன உரிமம் என்று எழுதிக் கட்டி அனுப்ப வேண்டும். அந்த யாராவது நான். நாவொலி தமிழ் எழுத்தைப் படித்துக் காட்டும். கண் தெரியாதவர்கள் அதை வைத்துத்தான் வேலை பார்க்கிறார்கள்.

"புண்ணியந்தான் போ" என்றாள் ரோஸ்லின். என் டப்பாவிலிருந்து கத்தரிக்காயை எடுத்துக்கொண்டாள்.

ஜனவரி 11, புதன்

பதினேழு பிழைகள். பதினாறு தீர்ந்தன. கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய மறந்துவிட்டேன்.

ஜனவரி 13, வெள்ளி

எல்லாம் சரியாகி அனுப்பியும் விட்டேன். பரிசோதகரிடமிருந்து பதில் வந்தது. பிரேசில்காரர், பெயர் ஹென்ரிக். உரிமங்களைப் பார்ப்பது மட்டும்தான் அவர் வேலை. பதமாகத்தான் எழுதியிருக்கிறார்.

நாவொலிக்குள் ஒரு பெண் பேசிய 3,412 ஒலிக்கோப்புகள் இருக்கின்றன. அவற்றை வெட்டி ஒட்டித்தான் அது எந்த வாக்கியத்தையும் பேசுகிறது. உரிமக் கோப்பில் அதைப் பற்றி ஒரே ஒரு வரி: 'பேசியவரின் அனுமதியுடன், எவரும் எதற்கும் பயன்படுத்தலாம்.' அந்தப் பேசியவர் யார், அனுமதி எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். இப்போதெல்லாம் குரல் விஷயத்தில் விதி கடுமையாகிவிட்டதாம். பதில் இல்லையென்றால் நாவொலி முழுவதும் வெளியே.

ஆறு வருடமாக அந்த வரி அங்கேயே இருக்கிறது. யாரும் கேட்டதில்லை. யாரோ அவசரத்தில் எழுதியிருக்கிறார்கள்.

ஜனவரி 16, திங்கள்

மாட்டுப் பொங்கல். கரும்பு வெட்டியதில் விரலில் சின்னக் காயம்.

ஐயன்பெருமாள் பதில் போட்டார். "பேர் தமயந்தி. நான் ஆராய்ச்சி மாணவனா இருந்தப்போ தஞ்சாவூர்ல எம்.ஏ. தமிழ் படிச்சிட்டிருந்தாங்க. 2009. மூணு நாள் பேசிக் கொடுத்தாங்க. கையெழுத்தெல்லாம் வாங்கலை, அப்போ அதெல்லாம் யாருக்குத் தெரியும்? நீங்க சொல்ற வரி நான் எழுதினதில்லை. பொதி கட்டினப்போ சேர்த்தது."

பொதி கட்டினப்போ. அந்தச் சமயத்தில் எங்கள் குழுவில் மூன்று பேர் இருந்தோம். யார் எழுதியது என்று மாற்றப் பதிவைப் பார்த்தால் தெரியும். பார்க்கவில்லை, விரல் வலி. இப்போது அதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது? ஆளைக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது.

ஜனவரி 18, புதன்

வழக்கறிஞர் இன்பராஜ் சார் போன் செய்தார். புதுக்கோட்டையில் இருக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லை. கட்டுக்கட்டான வழக்குக் காகிதங்களை நாவொலி படிக்கக் கேட்டுத்தான் வாதாடுகிறார். ஒவ்வொரு பதிப்பையும் எனக்காக முதலில் சோதித்துப் பார்ப்பவரும் அவர்தான்.

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"ஆறு வருஷமா அந்தம்மா குரலைத்தான் மேடம் வீட்டுக்காரி குரலைவிட அதிகமா கேட்டுட்டிருக்கேன். பேரு தமயந்தியா! சரி, அந்த வரியை யார் எழுதினது?"

"தெரியலை சார்."

"அதைப் பார்க்க ஒரு கமாண்ட் போதும்னு நீங்கதானே ஒரு தடவை சொன்னீங்க?"

கரண்ட் போய்விட்டது என்று சொன்னேன். நிஜமாகவே கொஞ்ச நேரம் போயிருந்தது, காலையில்.

ஜனவரி 21, சனி

தஞ்சாவூர்ப் பழைய மாணவர்களின் வாட்சப் குழு ஒன்றில் விசாரித்ததில் தமயந்தியின் எண் கிடைத்தது. அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. அழைத்தேன். "நாவொலின்னு ஒரு மென்பொருள், அதுல உங்க குரல்…" என்று ஆரம்பித்ததுமே வைத்துவிட்டார்.

குரலைக் கேட்டதும் எனக்குத் தடுமாறிவிட்டது. அதே குரல்தான், ஆனால் அதே குரல் இல்லை.

ஜனவரி 22, ஞாயிறு

அவரே அழைத்தார். எடுத்ததும் கேட்டார்.

"அந்தக் கதை சேனல் நீங்கதானா?"

"எந்தச் சேனலுங்க?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க. என் குரல்ல அசிங்க அசிங்கமா படிச்சுப் போடுறாங்களே, அது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்க்கிறேன், பெண், பெயர் மேகலா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்புறம் அவர் அழுதார். சேனலின் பெயரைச் சொன்னார்.

ஜனவரி 23, திங்கள்

கேட்டேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. நாவொலிதான். 'ழ' வரும் இடத்தில் ஒரு சின்ன இழுப்பு இருக்கும். போன பதிப்பில் நான்தான் அதைக் குறைத்தேன்.

ஜனவரி 28, சனி

தஞ்சாவூர் போய் வந்தேன். பெரிய கோயில் புல்வெளியில் சந்திக்கலாம் என்று சொல்லியிருந்தார். வீட்டுக்கு வேண்டாமாம்.

தமயந்திக்கு முப்பத்தாறு வயது இருக்கும். ஒல்லி. கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டே இருந்தார். மிகவும் மெதுவாகப் பேசினார். காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருந்தது. முதலில் தொண்டைக்கட்டு என்று நினைத்தேன். பக்கத்தில் ஆள் வந்து உட்கார்ந்ததும் பேச்சையே நிறுத்திவிட்டார். அப்போதுதான் புரிந்தது.

"கூடப் படிச்ச அக்கா ஒருத்தங்களுக்குக் கண்ணு தெரியாதுங்க. நாங்கதான் மாத்தி மாத்திப் படிச்சுக் காட்டுவோம். ஐயன்பெருமாள் அண்ணன் வந்து, இந்த மாதிரி மிஷின் பண்ணா உங்க அக்கா மாதிரி எல்லாரும் தானே படிச்சுக்கலாம்னு சொன்னார். அதுக்குத்தான் பேசினேன். மூணு நாள். தண்ணி குடிச்சுக் குடிச்சுப் பேசினேன்."

தீபாவளிக்குப் பிறகு பள்ளிக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது, சேனல் முகவரியோடு. தலைமை ஆசிரியை கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கிறார். மிஷின் பேசுகிறது என்று இவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறதே என்றார்களாம். காலை வழிபாட்டில் திருக்குறள் சொல்வது இவர் வேலையாக இருந்தது. இப்போது வேறொருவர் சொல்கிறார். வகுப்பில் பெரும்பாலும் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறாராம்.

"வீட்ல?" என்று கேட்டேன்.

"நம்புறேன்னுதான் சொல்றார். ஆனா நான் போன் பேச ஆரம்பிச்சா டிவி சத்தத்தைக் குறைச்சிடுறார்."

அனுமதிக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கையெழுத்து என்று கேட்க வாய் வரவில்லை. அவரே கேட்டார். கொடுத்தேன். நிதானமாகப் படித்தார்.

"கண்ணு தெரியாதவங்களுக்கு மட்டும்னு எழுதுங்க. இப்பவே போட்டுத் தர்றேன்."

அப்படி எழுத முடியாது என்று எப்படி விளக்குவது? எவரும் எதற்கும் என்பதுதான் நாங்கள் இத்தனை வருடமாகக் கட்டிக் காத்த விஷயம். ஒரு நிபந்தனை போட்டால் அது சுதந்திர மென்பொருள் இல்லை. பல கூட்டங்களில் மைக் பிடித்து நானே பேசியிருக்கிறேன். அங்கே, அந்தப் புல்லில் உட்கார்ந்து அவரிடம் சொன்னபோது, சொல்ல வருவது எனக்கே பிடிபடவில்லை.

"சரிங்க. நான் சம்மதிச்சேன்னு எழுதினது யாருங்க?"

"தெரியலைங்க. பழைய ஆளுங்க யாரோ."

பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தேன். உட்கார இடம் இருந்தது என்று திருவெறும்பூர் வந்த பிறகுதான் கவனித்தேன்.

ஜனவரி 29, ஞாயிறு

ஹென்ரிக்குக்கு எழுதினேன். பார்வையற்றோருக்கு மட்டும் என்று நிபந்தனை போட வழியுண்டா? ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. இல்லை. வருந்துகிறேன். அந்தப் பெண்ணிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

துணி ஊறவைத்ததை மறந்துவிட்டேன். சாயம் இறங்கி வீட்டுக்காரருடைய இரண்டு சட்டை போயிற்று. உடம்பு சரியில்லையா என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 31, செவ்வாய்

இன்பராஜ் சார். எல்லாவற்றையும் சொன்னேன். ஏறக்குறைய எல்லாவற்றையும்.

பிறகு சொன்னார்: "அந்தக் குரல் போயிட்டா நாவொலியில எனக்கு மிச்சம் இருக்கிறது, ஆளே பேசாம மிஷினே உண்டாக்குற அந்த வெறும் மிஷின் குரல்தான். அதுல நாலு பக்கம் கேட்டாலே தலை வலிக்கும். பதினாலாம் தேதி ஒரு பாகப் பிரிவினை வழக்கு இருக்கு, எண்ணூறு பக்கம். இது என் கட்சி. அந்தம்மா என் கட்சிக்காரரா வந்தா, உங்க குழு மேல நான் வழக்குப் போடுவேன். இது அவங்க கட்சி. ரெண்டு பக்கமும் நானே வாதாடினா எப்படி மேடம்?"

"அந்தச் சேனல்காரனைத்தானே சார் பிடிக்கணும்?"

"பிடிக்கணும். ஆனா அவன் சொல்லுவான், எவரும் எதற்கும்னு எழுதியிருந்துச்சு, நான் நம்பினேன்னு. நம்பினது தப்பா, எழுதினது தப்பா?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாக இதையே யோசிக்கிறேன். நல்லதுக்குச் செய்தது. நூற்றுக்கணக்கான பேர் படிக்கிறார்கள். அதுவும் நிஜம்தானே? ஒன்றை எடுத்து வைத்தால் இன்னொன்று சரிகிறது.

பிப்ரவரி 3, வெள்ளி

நான்தான் எழுதினேன்.

மாற்றப் பதிவைப் பார்க்கவே தேவையில்லை. தேதிகூட நினைவிருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்பு, ஜனவரி 24, கதவு சாத்த ஒரு நாள் இருந்தது. குரலுக்கு என்ன உரிமம் என்று அன்றைக்கும் ஒருவர் கேட்டார். ஐயன்பெருமாளுக்கு எழுதினேன், ஒன்பது நாளாகப் பதில் இல்லை. அந்த வாரம் இன்பராஜ் சார் மூன்று முறை போன் செய்திருந்தார். பேசிக் கொடுத்தவர் சம்மதிக்காமலா பேசியிருப்பார் என்று நினைத்தேன். பொய் என்று நினைத்து எழுதவில்லை. நிஜம் என்று தெரிந்து எழுதவுமில்லை. கட்டம் காலியாக இருந்தது, நிரப்பினேன்.

'எதற்கும்' என்ற சொல்லை எழுதும்போது என்ன நினைத்தேன் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே நினைக்கவில்லை. மற்ற கோப்புகளில் அப்படித்தான் இருந்தது.

பொதி உள்ளே போனதும் லேபில் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. இதில்கூட மூன்று வாரமாக 'யாரோ' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று குளித்துக் கிளம்பிப் புடவையும் கட்டிவிட்டேன். பிறகு தைப்பூசக் கூட்டம், பஸ் கிடைக்காது என்று காரணம் சொல்லிக்கொண்டு போனில் பேசினேன்.

"தமயந்தி, நீங்க சம்மதிச்சீங்கன்னு எழுதினது நான்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. இரண்டு. மூன்று.

"அன்னைக்குத் தெரியலைன்னு சொன்னீங்களே."

"தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன்."

"கோயில்ல உக்காந்து சொன்னீங்க."

"ஆமா."

"வச்சிடுறேங்க" என்றார். அந்த நேரத்திலும் 'ங்க' போட்டுத்தான் பேசினார்.

பிப்ரவரி 7, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 8, புதன்

தமயந்தியிடமிருந்து ஒரு செய்தி: 'இருபதாம் தேதி மதியம் ஸ்கூலுக்கு வர முடியுமா. லேப்டாப் எடுத்து வரவும். ஹெச்.எம்.கிட்ட காட்டணும்.'

வருகிறேன் என்று போட்டேன். வேறு ஏதாவது எழுத வேண்டும் என்று தட்டித் தட்டி அழித்தேன்.

பிப்ரவரி 10, வெள்ளி

எடுத்துவிட்டேன். 3,412 கோப்புகள். ஒரு கட்டளைதான், அரை வினாடிகூட ஆகவில்லை. மாற்றப் பதிவில் காரணம் எழுத வேண்டும். 'பேசியவரின் அனுமதி ஒருபோதும் பெறப்படவில்லை. பெற்றதாக எழுதியவர்: மேகலா.' ஹென்ரிக் அதைப் பார்த்துவிட்டு, பெயர் அவசியமில்லை என்றார். இருக்கட்டும் என்றேன். பழைய வெளியீடுகளிலிருந்தும் எடுக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறேன்.

ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவர்களிடமிருந்து எடுக்க வழியில்லை. புகார் கொடுத்ததில் அந்தச் சேனலை முடக்கினார்கள். நேற்று வேறு பெயரில் மறுபடி வந்துவிட்டது.

மாலையில் நாவொலி உள்ளே போனது. வெறும் மிஷின் குரலோடு. சந்தோஷமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

நாவொலி மின்மடல் குழுவில் எனக்குத் திட்டு. மட்டக்களப்பிலிருந்து ஒருவர், 'யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?' என்று எழுதியிருக்கிறார். யாரையும் கேட்காமல் வைத்ததுதான் தப்பு என்று பதில் எழுதினேன். அவருக்கு அது பதிலாகுமா? அவருக்கு நாளைக்குப் படிக்க வேண்டும்.

இன்பராஜ் சாரிடம் நான்தான் எழுதினேன் என்று சொன்னேன்.

"தெரியும் மேடம். நீங்க கரண்ட் போச்சுன்னு சொன்னப்போ உங்க வீட்ல மிக்ஸி ஓடிட்டிருந்துச்சு."

கோபமா என்று கேட்டேன். புதுக் குரல் இரும்பு டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுவது போல இருக்கிறதாம். வழக்குக்கு வாய்தா வாங்கியிருக்கிறார்.

"பழசு என் மிஷின்ல அப்படியே இருக்கு. நாலு நாளா அதைத் தொடலை. அழிக்கணுமா, வச்சுக்கலாமா? சட்டத்துல பதில் தேடினேன், கிடைக்கலை. அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க."

பிப்ரவரி 20, திங்கள்

லீவு போட்டுவிட்டுப் போனேன். பள்ளி ஊருக்கு வெளியே, வாய்க்கால் ஓரம். தலைமை ஆசிரியை பெயர் அன்னபூரணி. கறாரான முகம். அறையில் தமயந்தியின் கணவரும் இருந்தார்; வரச் சொன்னது தமயந்தி. அவர் உட்காராமல் பீரோ ஓரமாக நின்றார். தமயந்தி என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

நான் எழுதிக் கொண்டுவந்த கடிதத்தைக் கொடுத்தேன். எழுதியது என்ன, எப்போது எழுதினேன், அது எப்படி வெளியே போனது, எல்லாம் கையெழுத்தோடு. அன்னபூரணி அம்மா கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

"எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் விவகாரமெல்லாம் புரியாதும்மா. அந்த ஆடியோவை நானே கேட்டேன். மனுஷி பேசுற மாதிரிதான் இருக்கு."

"நீங்களே ஏதாவது அடிங்கம்மா" என்று லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். பழைய பதிப்பை இதற்காக மட்டும் வைத்திருந்தேன். அதையும் தமயந்தியிடம் கேட்டுக்கொண்டுதான்.

ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். நான் திரையைப் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தினார்.

'என் பெயர் அன்னபூரணி. எனக்குச் சர்க்கரை இருக்கிறது. இன்று காலை மாத்திரை போடவில்லை.'

தமயந்தியின் குரல் அறை முழுவதும் கேட்டது. தெளிவாக, இருபத்திரண்டு வயதுக் குரல், நடுவில் மூச்சு வாங்கியது. தமயந்தி எதிர் நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்னபூரணி அம்மா கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். லேப்டாப்பைப் பார்த்தார், தமயந்தியைப் பார்த்தார். "அட கடவுளே" என்றார். "நான் யார்கிட்டயும் சொல்லலையே, மாத்திரை போடலைன்னு."

தமயந்தியின் கணவர் முன்னால் வந்தார். "நான் ஒண்ணு அடிக்கலாமா?" என்று தமயந்தியைத்தான் கேட்டார், என்னை இல்லை. தமயந்தி சற்று யோசித்து, "வேண்டாம்" என்றார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடி பீரோ பக்கம் போனார். அவருக்குக் கண் கலங்கியிருந்ததா, கோபமா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

என் கடிதத்தைக் கோப்பில் வைப்பதாகவும், காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவுக்கு ஒரு நகல் அனுப்பலாம் என்றும் அன்னபூரணி அம்மா சொன்னார். கூப்பிட்டால் சாட்சி சொல்ல வருவீர்களா என்றார். வருவேன் என்றேன். உங்கள் வேலைக்கு ஏதும் ஆகாதா என்றார். தெரியவில்லை என்றேன்.

வெளியே வராந்தாவில் தமயந்தியும் நானும் தனியாக நின்றோம். மன்னிப்புக் கேட்டேன். இதற்கு முன்னால் நேரில் கேட்கவில்லை.

"அதை இன்னும் யோசிக்கலைங்க" என்றார். "முதல்ல ஸ்கூல் வேலை முடியட்டும்னு இருந்தேன்."

இன்பராஜ் சார் கேட்டதைச் சொன்னேன். பழைய குரல் அவர் கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஆறு வருடமாக வழக்குகள் படிக்கிறார், இப்போது அனுமதி வேண்டுமென்று தொடாமல் இருக்கிறார்.

"வழக்கா? கோர்ட்ல என் குரலா?" முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. "எத்தனை வழக்கு?"

"நிறைய இருக்கும். கேட்டுச் சொல்றேன்."

"நீங்க கேட்டுச் சொல்ல வேண்டாம். என் நம்பரைக் கொடுங்க. அவரே எங்கிட்ட கேக்கட்டும்."

மணி அடித்தது. ஏழாம் வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். நான் லேப்டாப்பைப் பையில் வைத்து, அந்தப் பழைய பதிப்பை வீட்டுக்குப் போய் அழிப்பதா, இங்கேயே அழித்துவிடுவதா என்று புரியாமல் நின்று, வராந்தா திட்டிலேயே திறந்துவைத்து அழித்தேன்.

அப்போது வகுப்பிலிருந்து சத்தம் வந்தது.

"ஏய், கடைசி பெஞ்ச்! என்னடி அங்க பேச்சு? எழுந்திரி!"

சட்டென்று எனக்கு யார் என்று தெரியவில்லை. கொஞ்சம் கரகரப்பு, வேகம், நான் குறைத்துவைத்திருந்த 'ழ' இழுப்பு இன்னும் அதிகமாக. பாடம் ஆரம்பித்தார். வரிக்கு வரி குரல் ஏறியது. நாவொலிக்குள் இருந்த 3,412 வாக்கியங்களையும் நான் கேட்டிருக்கிறேன். எதிலும் அவர் கோபப்பட்டதில்லை, சிரித்ததும் இல்லை. இங்கே இரண்டும் இருந்தன. பிள்ளைகள் ஏதோ சொல்ல, அவரும் சிரித்தார்.

கேட்டுக்கொண்டே நிற்கலாம் போல இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்துவிட்டேன்.